ஆறு ஏக்கர் காட்டில் ஒரு மெத்தை

பதினெட்டு வருடமாகத் திரையைப் பார்த்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. சினிமாவோ என்று நினைத்துவிட வேண்டாம். நான் சிங்கப்பூரில் ஒரு கொண்டோவில், அதாவது தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பில், செக்யூரிட்டி. வாசலோரச் சின்ன அறையில் உட்கார்ந்து, பதினாறு கட்டங்களாகப் பிரிந்திருக்கும் கேமராத் திரையைப் பன்னிரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். பெரும்பாலும் எதுவும் நடக்காது. எதுவும் நடக்கவில்லை என்பதை மணிக்கு ஒருமுறை பதிவேட்டில் எழுதி வைப்பேன்.

இந்த வேலையில் எனக்கு ஒரே ஒரு விஷயத்தில் புகழ் உண்டு. மெத்தை. வீடு மாற்றிப் போகிறவர்கள் பழைய மெத்தையை யாருக்கும் தெரியாமல் லிப்ட்டுக்குப் பக்கத்திலோ குப்பை அறை வாசலிலோ தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். ஒருமுறை நீச்சல் குளத்துக்குப் பின்னாலிருந்த மூங்கில் புதருக்குள்ளேயே ஒன்றைச் செருகியிருந்தார்கள். திரையின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு மூலை தெரிந்தால் போதும், ஒற்றைக் கட்டிலுடையதா இரட்டைக் கட்டிலுடையதா என்றுகூடச் சொல்லிவிடுவேன். இதைப் பாராட்டி நிர்வாகம் எனக்கு ஒரு குடை கொடுத்தது. திறந்தால் மூடாது. மார்சிலிங்கில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் இன்றைக்கும் விரித்தபடியே நிற்கிறது.

"வீட்டுல கண்ணு முன்னாடி கெடக்குற மூக்குக் கண்ணாடி தெரியாது, அங்க மெத்தை மட்டும் தெரியுமாம்," என்பாள் என் மனைவி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, தேவாலயத்தின் பின்பக்கம் கோப்பி குடிக்கும் இடத்தில் இந்தப் பெருமையை நான் யாரிடமோ அளந்துகொண்டிருந்தேன். பாடகர் குழுவில் பாடும் ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை ஒருவர் காதில் அது விழுந்துவிட்டது. எங்கள் எல்லோருக்கும் அவர் டீச்சர்.

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஸ்க்ரீன் பாக்குறீங்க?" என்றார்.

"பன்னண்டு, டீச்சர்."

"கண்ணு வலிக்காதா?"

"பழகிடுச்சு லா."

அவ்வளவுதான், நான் மாட்டிக்கொண்டேன். டீச்சரும் எங்கள் தேவாலயப் பங்கு மக்கள் சிலரும் சேர்ந்து ஒரு சிறிய குழு நடத்துகிறார்கள். மலேசியாவின் ஜொகூரில் சொந்த நிலத்தில் காடு வைத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. சுற்றியிருப்பவர்கள் எல்லாம் மரத்தை வெட்டிச் எண்ணெய்க்காகச் செம்பனை போட்டுவிட்டார்கள். இவர்கள் மட்டும் வெட்டவில்லை. வெட்டாமல் இருப்பதும் ஒரு செலவுதான் என்பது குழுவின் கட்சி. அதனால் அந்த வீட்டுப் பிள்ளைகளின் படிப்புச் செலவைக் குழு ஏற்றுக்கொள்கிறது; அவர்களுடைய பெத்தாய் என்ற காட்டு அவரை, டுரியான் பழம், தேன் எல்லாவற்றையும் நல்ல விலைக்கு வாங்கிக்கொள்கிறது. காடு காடாகத்தான் இருக்கிறதா என்று பார்க்க அங்கே மரத்தில் ஒரு கேமரா கட்டியிருக்கும். அந்தப் படங்களைப் பார்த்து என்ன தெரிகிறது என்று எழுதிக் கொடுக்க ஆள் தேவை.

லிட்டில் இந்தியாவில், தேக்கா சந்தைக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் வைத்து டீச்சர் எனக்குப் பயிற்சி கொடுத்தார். கேமரா எப்படி வேலை செய்கிறது என்று அரை மணி நேரம் விளக்கினார். அதில் முதல் பத்து நிமிடம் நான் முழுக் கவனத்தோடு கேட்டேன். அதற்குப் பிறகு வடை வந்துவிட்டது. மேலும், பதினெட்டு வருடம் கேமரா பார்த்தவனுக்குக் கேமராவைப் பற்றி என்ன சொல்லித் தரப்போகிறார்கள் என்ற எண்ணமும் இருந்தது.

எனக்குக் கிடைத்தது ஓர் அக்காவின் ஆறு ஏக்கர். மாமனார் காலத்தில் பால்மரத் தோட்டமாக இருந்ததாம். ரப்பர் விலை விழுந்தபோது அப்படியே விட்டார்கள். பின்னாலிருந்த பெரிய காடு மெல்ல உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. அங்கே இணையத் தொடர்பு சரியில்லாததால், அக்கா மாதம் ஒருமுறை கேமராவிலிருந்து மெமரி கார்டைக் கழற்றிக்கொண்டு கடற்பாலம் தாண்டி பஸ்ஸில் வருவார். தோ பாயோவில் இருக்கும் தன் அக்காவைப் பார்த்துவிட்டு, லிட்டில் இந்தியாவில் அதே சாப்பாட்டுக் கடையில் கார்டை என் கையில் கொடுப்பார். கூடவே எனக்கென்று ஒரு கட்டு பெத்தாய். அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரை அக்கா என்பேன். யார் மூத்தவர் என்று தீர்த்துக்கொள்ள இருவருக்குமே விருப்பமில்லை.

அந்தப் படங்களைப் பார்க்க ஆரம்பித்தவுடன் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. முதல் கார்டிலேயே ஒரு காட்டுப்பன்றி. நான் போட்ட சத்தத்தில் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். அப்புறம் முள்ளம்பன்றி. அப்புறம் பூனை அளவுக்கு இருக்கும் ஒரு மான், குச்சி மாதிரி காலோடு. பன்னிரண்டு மணி நேரம் லிப்ட் கதவைப் பார்த்துவிட்டு வருகிற எனக்கு, லிப்டிலிருந்து காட்டுப்பன்றி இறங்கினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. கொண்டோப் பதிவேட்டைப் போலவே சுத்தமாகக் கட்டம் போட்டு எழுதினேன்: தேதி, நேரம், தெரிந்தது என்ன, வகை. வகையில் மூன்றுதான். விலங்கு, மனிதர், பொருள்.

மூன்றாவது மாதக் கார்டில் மெத்தை வந்தது.

இலைகளுக்குப் பின்னால், இருட்டில், வெள்ளையாக, உப்பலாக. எனக்கு ரத்தம் சூடேறிவிட்டது. காட்டிலேயுமா! வகை: பொருள். 'பழைய மெத்தை, ஒன்று. நடவடிக்கை: கண்காணிக்கப்படுகிறது.' அடுத்த மாதம் மெத்தை வேறொரு மூலையில் கிடந்தது. அதற்கடுத்த மாதம் மறுபடியும் மெத்தை, கூடவே கோடு போட்ட ஒரு தர்ப்பூசணி. மெத்தையும் தர்ப்பூசணியும் என்றால் யாரோ உல்லாசப் பயணம் வந்திருக்கிறார்கள் என்று துப்புத் துலக்கி அதையும் எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். கொண்டோவில் எந்தப் பதிவையும் முப்பது நாளுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. அதே ஒழுக்கத்தைக் காட்டுக்கும் கடைப்பிடித்துப் பழைய படங்களை அழித்துவிட்டேன்.

ஒரு வியாழக்கிழமை டீச்சர் போன் செய்தார்.

"நீங்க மெத்தைன்னு மூணு மாசமா எழுதியிருக்கீங்களா?"

"ஆமா டீச்சர். எல்லாம் பதிவுல இருக்கு."

"நான் விலங்குன்னு எழுதினத மட்டும்தான் பாப்பேன். வருஷக் கூட்டத்துக்காகச் செயலாளர் முழுக் கோப்பையும் படிச்சிருக்கார். காட்டுல குப்பை கொட்ட விட்டா அந்தக் குடும்பத்தைப் பட்டியல்லேர்ந்து எடுக்கணும்னு விதி இருக்கு. ஞாயித்துக்கிழமை எடுத்துடுவாங்க."

"எடுத்துட்டா?"

டீச்சர் நிலைமையைச் சொன்னார். செம்பனைக் குத்தகைக்காரன் ஒருவன் ஒரு வருடமாக அந்த நிலத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அக்காவின் கணவருக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைப்பு. மகள் நர்ஸிங் படிக்கிறாள், இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. 'உன் சிங்கப்பூர்க்காரங்க இந்த வருஷமும் நம்மள வெச்சுக்கிட்டா நான் கையெழுத்துப் போடல' என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார். இல்லையென்றால் திங்கட்கிழமை காலையில் புல்டோசர் வந்துவிடும்.

போனை வைத்த ஐந்தாவது நிமிடம் அக்காவே கூப்பிட்டார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"சனிக்கிழமை வரேன். கார்டு கொண்டு வரேன். எங்க மெத்தைய எனக்குக் காட்டுங்க."

சனிக்கிழமை மத்தியானம் கடையில் எள் விழ இடமில்லை. கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து மேசைதான் கிடைத்தது. டீச்சர் மடிக்கணினியோடு முன்பே வந்திருந்தார். அக்கா வந்தார். கையில் பை இருந்தது, பெத்தாய் வெளியே வரவில்லை. நிலைமை எவ்வளவு மோசம் என்று அதிலேயே புரிந்துகொண்டேன்.

"உக்காருங்கக்கா. என்ன சாப்பிடுறீங்க?"

"இங்க மெத்தை கெடைக்குமா? ரெண்டு பிளேட் சொல்லுங்க."

டீச்சர் இருமினார்.

"அண்ணே, எங்க வீட்டுல இருக்கறதே ரெண்டு மெத்தைதான். ஒண்ணுல நானும் மகளும். இன்னொண்ணுல அவரு, அதுவும் நடுவுல குழி. இதுல எதத் தூக்கிட்டுப்போய் நான் காட்டுல போட்டேன்?"

"நீங்கன்னு நான் சொல்லலக்கா. வெளியாளுங்க—"

"அந்தக் கேமரா ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கு. முட்டி வரைக்கும் சேறு. அதுல மெத்தையத் தலையில வெச்சுக்கிட்டு எவனாச்சும் போனான்னா அவனுக்கு நானே சோறு போடுறேன்."

ஆதாரம் பேசட்டும் என்று விட்டுவிட்டேன். கார்டைச் செருகிப் படங்களை ஓட்டினேன். இலை, இலை, ஒரு பன்றியின் பின்பக்கம், மழை. பிறகு வந்தது. பெரணிச் செடிகளுக்குப் பின்னால் வெள்ளையாக, உப்பலாக.

"இதோ," என்று திரையை அவர் பக்கம் திருப்பினேன். நீதிமன்றத்தில் வக்கீல் செய்வது போல நாற்காலியில் சாய்ந்தும் கொண்டேன். இப்போது நினைத்தால் அந்தச் சாய்வுதான் அதிகமாகக் குத்துகிறது.

அக்கா திரையையே பார்த்தார். கோபம் எங்கோ போய்விட்டது. மெதுவாகக் கேட்டார்.

"அண்ணே. இந்தக் கேமரா, முன்னாடி ஏதாச்சும் அசைஞ்சாத்தானே படம் எடுக்கும்?"

"அப்படியா?" என்றேன். வடை வந்ததற்குப் பிறகு டீச்சர் சொன்ன விஷயம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் கொண்டோக் கேமரா எதற்கும் நிற்காது, பகலும் இரவும் ஓடிக்கொண்டே இருக்கும்.

"அப்ப மெத்தை எப்படிண்ணே அசைஞ்சுச்சு?"

"காத்துல," என்றேன்.

டீச்சர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். "அடுத்தது போடுங்க."

அடுத்த படத்தில் மெத்தை ஓர் அடி இடது பக்கம் நகர்ந்திருந்தது.

"ஸ்பிரிங் வெச்ச மெத்தையா இருக்கும்," என்றேன்.

"அடுத்தது!"

அடுத்த படத்தில் மெத்தைக்கு முன்பக்கம் இருந்தது. கறுப்பாக, இரண்டு காதோடு. காதின் நுனியில் சுண்ணாம்பு தொட்டு வைத்தது போல வெள்ளை. யானையாக ஆரம்பித்துவிட்டுப் பாதியில் மனசு மாறியது போலத் தொங்கும் ஒரு மூக்கு. அந்த மூக்கு கேமராவை நேராக மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது.

"தெனுக்!" அக்கா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. "அண்ணே, தெனுக் அண்ணே! எங்க காட்டுல தெனுக்!"

டீச்சரின் கை வாயை மூடியிருந்தது. "தெனுக்னா தாப்பிர்," என்றார் விரலிடுக்கு வழியாக. "முன்னாடி கறுப்பு, பின்னாடி கறுப்பு, நடுவுல மட்டும் வெள்ளை. முப்பது வருஷம் போர்டுல வரைஞ்சு காட்டியிருக்கேன். காட்டுல இருக்கறதப் பாத்ததே இல்ல. இப்பல்லாம் மிச்சம் இருக்கறதே கொஞ்சம்தான்."

பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது அவர்களை மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போய் இதன் முன்னால் நான் நிச்சயம் நின்றிருப்பேன். அன்றைக்கு யார் கையில் ஐஸ்கிரீம் உருகியது என்பது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. மிருகம் ஞாபகமில்லை.

"அடுத்தது போடுண்ணே!" அக்கா என் முதுகில் ஓர் அறை வைத்தார். 'நீங்க' என்ற மரியாதை எல்லாம் பறந்துவிட்டது.

போட்டேன். தாய் படத்திலிருந்து பாதி வெளியே போயிருந்தது. அதன் பின்னங்காலுக்குப் பக்கத்தில், கோடும் புள்ளியுமாக, உருண்டையாக, என் தர்ப்பூசணி நின்றுகொண்டிருந்தது. நாலு காலோடு.

அதற்குப் பிறகு கடையில் நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியாது. அக்கா அழுதாரா சிரித்தாரா என்று தெரியவில்லை. டீச்சர், கணக்கில் கறாரான டீச்சர், பக்கத்து மேசைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். கிராஞ்சியில் ஏதோ நர்சரியில் வேலை செய்யும் தொழிலாளிகள் நாலு பேர் சோற்றுக் கையோடு எழுந்து வந்து பார்த்தார்கள். பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு நின்று, "இது பன்னியா, யானையா?" என்றார். "மெத்தை," என்றார் அக்கா. நான் என்ன செய்தேன் என்றால், ஐம்பத்து நாலு வயதில், மேசையைத் தட்டிக்கொண்டிருந்தேன். இதைவிட நல்ல விஷயம் என் வாழ்க்கையில் எந்தத் திரையிலும் வந்ததில்லை. அதை மூன்று மாதமாகப் பார்த்தும் நான் பார்க்கவில்லை.

அக்கா கணவருக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி மேசையில் வைத்தார்.

"என்னங்க, நம்ம காட்டுல தெனுக்கு இருக்குங்க!"

"நம்ம நெலத்துலயா?"

"நம்ம நெலத்துலதான். குட்டியோட!"

அந்தப் பக்கம் ஒரு சேவல் கூவியது. "ஓடைப் பக்கமா?"

"ஓடைப் பக்கந்தான்."

"அங்கதான் நேத்து குத்தகைக்காரன் ஆளு அளந்து குச்சி நட்டுட்டுப் போனான்." மறுபடியும் சேவல். "நல்ல விஷயந்தான். ஆனா தெனுக்கு வந்து பாப்பாவுக்கு பீஸ் கட்டுமா? நாளைக்கு உங்க மீட்டிங்கு முடியட்டும்."

மேசையைத் தட்டிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. செயலாளரின் கோப்பில் இன்னும் என் மெத்தைதான் இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "என்னையும் எங்கயாச்சும் பொருள்னு எழுதி வெச்சிருக்கீங்களா?" என்றாள்.

ஞாயிறு பூசைக்குப் பிறகு தேவாலயத்தின் பின்னறையில் கூட்டம். செயலாளர் யாழ்ப்பாணத்துப் பூர்வீகம், ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி. என் மூன்று தாள்களையும் ஓரம் பிசகாமல் அடுக்கி முன்னால் வைத்திருந்தார்.

"தம்பி, நீங்கள் பதினெட்டு வருஷம் திரை பாத்தவர் எண்டு டீச்சர் சொன்னவா. மூண்டு தாளிலயும் மெத்தை எண்டு எழுதி, கையெழுத்தும் போட்டிருக்கிறியள். இண்டைக்கு மிருகம் எண்டுறியள். நாங்கள் எதை நம்புறது?"

நான் எழுந்தேன். கொண்டோ வேலையில் ஒரு பாடம் உண்டு: பதிவேட்டில் எழுதியது தப்பென்று ஒருபோதும் ஒத்துக்கொள்ளாதே. ஒத்துக்கொண்டேன். வடையில் ஆரம்பித்து, படங்களை அழித்தது வரைக்கும் சொன்னேன். பின் வரிசையில் ஒருவர் சிரித்தார். மற்றவர்களும் தொற்றிக்கொண்டார்கள். சிரிக்கட்டும், என்னைப் பார்த்து எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கட்டும், அக்கா குடும்பத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டே படங்களைச் சுவரில் போட்டேன். மெத்தை. நகர்ந்த மெத்தை. மூக்கு.

சிரிப்பு நின்றது. குட்டியின் படம் வந்தபோது பின் வரிசைக்காரர்கள் எழுந்து முன்னால் வந்தார்கள்.

செயலாளர் எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போய், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் மாட்டிப் பார்த்தார். குட்டியின் கோடுகளை விரலால் எண்ணினாரோ என்னவோ. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"கேமரா அசைஞ்சால்தான் எடுக்கும் எண்டால், போன மூண்டு மாசமும் அசைஞ்சிருக்கு. மெத்தை அசையாது." பேனாவின் மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "மூண்டு தாளையும் திருத்தி, பக்கத்தில கையெழுத்துப் போடுங்கோ. குடும்பம் பட்டியலில இருக்கட்டும். ஆருக்கும் மறுப்பு இருக்கோ?"

யாருக்கும் இல்லை. நான் மெத்தையை அடித்துவிட்டுத் தாப்பிர் என்று எழுதினேன். மூன்று முறை.

"தர்ப்பூசணியையும் திருத்துங்கோ, தம்பி," என்றார் செயலாளர். அப்புறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "அந்தக் குட்டியின்ர படத்தை எனக்கும் ஒருக்கால் அனுப்பிவிடுங்கோ," என்றார்.

வெளியே ஓடினேன். என் முழங்கால் ஓடுவதற்கு ஆனதல்ல, ஆனாலும் ஓடினேன். அக்கா மாதா சிலை வைத்த கெபிக்கு முன்னால் இருந்த பெஞ்சில், நெற்றி நிறையத் திருநீற்றோடு உட்கார்ந்திருந்தார். காலையில் தோ பாயோவில் கோயிலுக்குப் போய்விட்டு நேராக இங்கே வந்துவிட்டாராம்.

"இருக்கீங்கக்கா! பட்டியல்ல இருக்கீங்க!"

அவர் உடனே கணவருக்குப் போன் போட்டு, "இருக்கோம்," என்று ஒரே வார்த்தை சொன்னார். அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "குச்சியப் புடுங்கப் போறாராம், இப்பவே," என்றார் என்னிடம்.

பிறகுதான் பையின் அடியில் கையை விட்டார். பெத்தாய்க் கட்டு. நேற்றிலிருந்தே உள்ளே இருந்திருக்கிறது, கொஞ்சம் வாடியிருந்தது.

"தெனுக்கு பேருல அர்ச்சனை பண்ணேண்ணே. ஐயரு நட்சத்திரம் கேட்டாரு. முழிச்சேன்."

திங்கட்கிழமை காலை பணிக்கு வந்தால், என் அதிர்ஷ்டம், குப்பை அறை வாசலில் நிஜமாகவே ஒரு மெத்தை கிடந்தது. வெள்ளையாக, உப்பலாக. திரையில் பார்த்தவன் அறையில் உட்கார்ந்திருக்காமல் நேரில் போனேன். அதன் முன்னால் இரண்டு நிமிடம் நின்றேன். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு குடியிருப்பாளர், எதற்காகக் காத்திருக்கிறேன் என்று கேட்டார். என்ன சொல்வது?

அப்போது போன் அடித்தது. அக்கா. பின்னணியில் ஏதோ கனமான இயந்திரத்தின் சத்தம் தேய்ந்துகொண்டே போனது.

"கேக்குதாண்ணே? புல்டோசரு. லாரியில ஏத்தி எங்க வாசல் வரைக்கும் கொண்டு வந்துட்டான். அவரு இல்லன்னுட்டாரு. திரும்பிப் போவுது!"

"நல்லாக் கேக்குதுக்கா! இன்னும் கொஞ்சம் பக்கத்துல புடிங்க!" என்று கத்தினேன். குடியிருப்பாளர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். சத்தம் முழுக்க அடங்கும்வரை அக்காவும் நானும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"நீங்க எங்கண்ணே இருக்கீங்க?"

"வேலையில. இங்க ஒரு மெத்தைக்கா."

"அவசரப்பட்டு எழுதிடாதீங்க," என்றார் அக்கா. "சுத்தி வந்து, காது இருக்கான்னு மொதல்ல பாருங்க."

பார்த்தேன்.